ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது: ஆபரேஷன்தான் வழியா?

கேள்வி: வயது 44. இரண்டு மாதமாக இடது புட்டத்திலிருந்து காலின் வெளிப்புறமாகப் பாதம் வரை ‘சுரீர்’ என்று வலி இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில், ‘எல்4-எல்5 டிஸ்க் புரோட்ரூஷன், இடது எல்5 நரம்பு வேர் அழுத்தம், எல்5-எஸ்1 டிஸ்க் பல்ஜ்’ என்று போட்டிருக்கிறது. இரண்டு டிஸ்க்கும் போய்விட்டதா? ஆபரேஷன்தான் வழியா? மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை. எல்4, எல்5 என்பவை இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது எலும்புகள்; எஸ்1 அதற்குக் கீழே உள்ளது. அங்கிருந்து கிளம்பும் நரம்பு வேர்களுக்கும் இதே பெயர்கள்தான். இரண்டாவது டிஸ்க்கை (எல்5-எஸ்1) இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 1994-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்கில் பல்ஜ் (பரவலான உப்பல்) இருந்தது. 27 சதவீதம் பேருக்கு புரோட்ரூஷனே (ஓரிடத்தில் பிதுங்கல்) இருந்தது. ரிப்போர்ட்டைப் படித்து இடிந்துபோய் வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

அப்படியானால் எல்5 வேர் அழுத்தம் என்பதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? உங்கள் கால் அதற்குச் சாட்சி சொல்வதால். எல்4-எல்5 மட்டத்தில் எல்4 வேர் டிஸ்க்குக்குச் சற்று மேலேயே பக்கவாட்டில் எலும்புகளுக்கு இடையிலுள்ள துவாரம் வழியாக வெளியேறிவிடும். அதனால் டிஸ்க் வழக்கம்போல நடுவுக்குச் சற்று ஓரமாகப் பிதுங்கினால், கீழே இறங்கிக்கொண்டிருக்கும் எல்5 வேர்தான் மாட்டும். வலி காலின் வெளிப்புறம், பாதத்தின் மேல்புறம், பெருவிரல் என்று போகும். அதே டிஸ்க் துவாரத்துக்குள்ளேயே பிதுங்கினால் எல்4 மாட்டும். அப்போது தொடையின் முன்பக்கமும் முழங்காலும் வலிக்கும். எஸ்1 என்றால் கெண்டைக்கால், சுண்டுவிரல் ஓரம். நீங்கள் சொல்லும் வலியின் பாதை எல்5-க்குப் பொருந்துகிறது. வலி வேறு பாதையில் போயிருந்தால், படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த டிஸ்க்கின் மீது பழி போட மாட்டேன்.

காலில் பலவீனம் இருக்கிறதா என்று அறிய, குதிகாலால் நாலு அடி நடந்து பாருங்கள். பெருவிரலை மேலே தூக்கி, வீட்டில் ஒருவரை அமுக்கச் சொல்லி, இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். இடது பக்கம் சட்டென்று மடங்கினால் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டோடு ஃபிலிமையும் கொண்டுபோங்கள். ‘அழுத்தம்’ என்ற ஒரே சொல்லில் பல நிலைகளை எழுதிவிடுகிறார்கள். ஃபிர்மான் என்ற ஆய்வாளரின் குழு 2004-ல் வகுத்த முறையில் நாலு நிலைகள்: டிஸ்க் வேரைத் தொடவில்லை, தொடுகிறது, ஒதுக்கித் தள்ளுகிறது, நசுக்குகிறது. உங்களுக்கு எது என்று குறுக்குவெட்டுப் படத்தில் காட்டச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2 என்று இரு வகைப் படங்கள் இருக்கும். டி2 படத்தில் தண்டுவட நீர் வெள்ளையாகவும் அதற்குள் வேர்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் தெரியும். துவாரத்தைப் பார்க்க டி1 படம் நல்லது. நரம்பைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பு அழிந்திருந்தால் அங்கே நெருக்கடி இருக்கிறது. இன்னொன்று, ரிப்போர்ட்களில் அடிக்கடி வரும் ‘இண்டென்டிங் தீக்கல் சாக்’ என்ற வரி பலரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. நரம்புகளைச் சுற்றிய உறையில் டிஸ்க் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான்; அது மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆபரேஷன்? நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை இதே மாதிரி கால்வலியில் தவித்த 283 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2007-ல் வெளியானது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு, பொறுத்திருந்தவர்களைவிட வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்து இரு தரப்பும் ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். பொறுத்திருந்த தரப்பிலும் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பலவீனம் இல்லாதவரை, வலியை எவ்வளவு நாள் தாங்க முடியும் என்பதை வைத்து நீங்களே முடிவெடுக்கலாம்.

ஆனால் சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தன்னை அறியாமல் கசிந்தாலோ, பிறப்புறுப்பும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மறுபடி ஸ்கேன் இப்போது வேண்டாம். அதே நெதர்லாந்து நோயாளிகளுக்கு ஒரு வருடம் கழித்து மீண்டும் எடுத்தபோது, நன்றாகத் தேறியவர்களில் 35 சதவீதம் பேருக்கும் தேறாதவர்களில் 33 சதவீதம் பேருக்கும் பிதுக்கம் அப்படியே தெரிந்தது. அதாவது, படத்தை வைத்துத் தேறியவர் யார், தேறாதவர் யார் என்று சொல்ல முடியவில்லை. புதிதாகப் பலவீனம் வந்தாலோ, ஆபரேஷன் என்று முடிவான சமயத்தில் இந்தப் படம் பல மாதம் பழையதாகியிருந்தாலோ எடுத்துக்கொள்ளலாம்.