ஒரு நிமிட ஓட்டத்திலிருந்து ஆரம்பிப்போம்: புதிதாக ஓட வருபவர்களின் கேள்விகளும் பதில்களும்

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் பதினொரு வருடமாக ஓடுகிறேன். ஆரம்பித்தபோது எனக்கு 44 வயது, 91 கிலோ. இப்போது சனிக்கிழமை காலைகளில் புதிதாக வருபவர்களோடுதான் ஓடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: வயது 41, எடை 94. நேற்று ஓடிப் பார்த்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். எனக்கெல்லாம் இது சரிப்படுமா?

சரிப்படும். நேற்று நீங்கள் ஓடியது பள்ளிக்கூட நூறு மீட்டர் பந்தய வேகத்தில் இருந்திருக்கும். ஓட்டம் என்றாலே நம் கால்களுக்கு அந்த வேகம்தான் ஞாபகம் வருகிறது.

முதலில் 5 நிமிடம் வேகமாக நடங்கள். அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. இதையே மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்துக்கு 3 நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை மனதில் வைத்து உருவாக்கிய 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு) என்னும் 9 வாரத் திட்டத்தின் முதல் வாரம் இதுதான்.

வேகம் சரியா என்று பார்க்க கைக்கடிகாரம் வேண்டாம். ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். "ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று" என்று ஒவ்வொரு வரியும் அறுபடாமல் வந்தால் வேகம் சரி. 'ஈரேழு'க்கும் 'பதினாலு'க்கும் நடுவில் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். பக்கத்தில் வேகமாக நடக்கிறவர் உங்களைத் தாண்டிப் போனால் போகட்டும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், இடது கையிலோ தாடையிலோ வலி என்று ஏதாவது வந்திருந்தால் ஷூ வாங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மூன்றாவது வாரம். மூச்சே வாங்குவதில்லை. நேராக 5 கிலோமீட்டர் போய்விடலாமா?

வேண்டாம். எனக்கு வரும் கேள்விகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

மூச்சு சீக்கிரம் பழகிவிடும். இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே தேறிவிடுவதால் 'இன்னும் ஓடலாம்' என்று தோன்றும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணுக்கும் எலும்புக்கும் அந்த அவசரம் கிடையாது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. எலும்போ, புதுச் சுமை வந்தால் முதலில் பழைய பகுதியைக் கொஞ்சம் கரைத்துவிட்டு அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைத்து முடித்து, கட்டி முடிக்காத அந்த இடைவெளியில் எலும்பு வழக்கத்தைவிட வலுக்குறைந்து இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் அதிகம் ஓடுகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எங்கள் குழுவில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் நான்காவது வாரம் உற்சாகத்தில் ஞாயிற்றுக்கிழமை தனியாக 7 கிலோமீட்டர் ஓடிவிட்டார். புதன்கிழமை வந்தபோது பைக்கிலிருந்து இடது காலை ஊன்றி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலாலேயே தத்தி இறங்கினார். முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல். இரண்டு மாதம் வீட்டில் இருந்தார்.

திட்டத்தில் எந்த வாரம் கடினமாக இருந்ததோ அதையே இன்னொரு வாரம் ஓடுங்கள். 9 வாரம் 14 வாரமானால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: முன்னங்கால் எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது. ஓடலாமா, நிறுத்த வேண்டுமா?

கட்டை விரலால் எலும்பின் ஓரமாக மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் புதியவர்களுக்கு வரும் எலும்போர வலி. ஒரு வாரம் ஓட்டத்தை விட்டு நடந்துவிட்டு, திரும்பும்போது இரண்டு வாரம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு ஒரே இடத்தில் 'ஐயோ' என்று கூசினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். என்னோடு ஓட வரட்டுமா?

அம்மா வர ஆசைப்படுவதே பெரிய விஷயம். முதல் ஒன்றிரண்டு மாதம் வெறும் நடை. மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, "இந்த மருந்தோடு ஓடினால் சர்க்கரை கீழே இறங்குமா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. கிளிமிபிரைடு வகையோ இன்சுலினோ இருந்தால் இறங்க வாய்ப்பு உண்டு. வெறும் வயிற்றில் கூட்டிப் போகாதீர்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் அங்கேயே உட்கார வைத்து அந்தக் குளுக்கோஸைக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றி உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நீங்களே பாருங்கள். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தது அவருக்கே தெரியாது.

கேள்வி: ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்கிறார் மாமா.

2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களுக்கு 13.3. நாம் முதல் வகை. மாமாவுக்கு ஏற்கெனவே முட்டி வலி இருந்தால், அவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

கேள்வி: தேனி பக்கம் சின்ன ஊர். பெண் நான் ஓடினால் தெருவே பார்க்கிறது. மொட்டை மாடியில் ஓடலாமா?

ஓடலாம். சின்ன மாடியில் திரும்பித் திரும்பி ஓடும்போது ஒரே முட்டியில் பாரம் விழும். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். பள்ளி மைதானம் காலையில் திறந்திருந்தால் அது இன்னும் நல்லது. பக்கத்து வீட்டு அக்காவையோ தங்கையையோ நடக்கவாவது கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேராகப் போனால் மனசுக்குத் தெம்பு.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், ஷூவுக்கு முன் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குங்கள். மார்பு வலியால் ஓட்டத்தையே விட்டவர்கள் உண்டு. வெளியே சொல்லமாட்டார்கள். சுடிதாரில் ஓடுங்கள், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். இதற்கென்று உடை வாங்கக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எந்த ஷூ?

சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும். கடைக்குள்ளேயே நாலு அடி ஓடிப் பாருங்கள். எங்கும் உறுத்தாத ஜோடிதான் உங்களுடையது.

கேள்வி: ஒரு மாதம் ஆகிறது, எடை குறையவில்லையே?

ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, தோராயமாக ஒரு கலோரி. 80 கிலோ ஆள் 3 கிலோமீட்டர் ஓடினால் 240. ஓடிவிட்டு நேராக நெய்ப் பொங்கல், வடை என்று உட்கார்ந்தால் அதைவிட அதிகம் உள்ளே போய்விடும். தூக்கம், படி ஏறுவது, இடுப்புச் சுற்றளவு இவற்றைக் கவனியுங்கள். எடை குறைய, சாப்பாட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கத்திரி வெயிலில் ஓடலாமா? நாய் துரத்தினால்?

விடியும் முன்னே முடித்துவிடுங்கள். அப்போதும் புழுக்கம் இருக்கும், அதனால் வாய்ப்பாடு சொல்ல முடிகிற வேகத்துக்கு இறங்குங்கள். நாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, கண்ணைப் பார்க்காமல், மெதுவாக நடந்து தாண்டுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடப் போங்கள்.