இணையம் கொடுக்கப் போகிறவருக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கமுங்க. உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். கோபி பக்கம் சொந்த ஊர், கோவையில் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் செக்யூரிட்டி வேலை. பழைய மேலாளர் ஒருவர் மூலம் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. வெளிநாட்டு உதவிப் பணத்தில் கிராமங்களுக்கு இணையம் கொடுக்கும் திட்டம். அதில் இணையப் பாதுகாப்புக்கு ஆறு மாதம் ஆலோசகர். ஃபயர்வால் என்கிற காவல் பெட்டியை கான்ஃபிகர் பண்ணியே பழகிய நான் ஓர் அரசாங்கத்துக்கு என்ன ஆலோசனை சொல்ல முடியும்? இந்தத் திட்டங்களே கன்சல்டன்சிக்காரர்கள் சம்பாதிக்கும் வழி என்கிறார்கள் நண்பர்கள். அப்பாவோ, "பர்கூர் மலையில பாதி ஊருக்கு டவரே எடுக்கறதில்ல, நீ எவனுக்கு நெட்டு குடுக்கப் போறே?" என்கிறார். நீங்கள் இந்தத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். போகலாமுங்களா?

எஸ்., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள எஸ்.,

மூன்றில் நல்ல கேள்வி அப்பாவுடையது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி 2024இல் உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். ஆனால் டவரே எட்டாத இடங்களில் வாழ்பவர்கள் உலக மக்கள்தொகையில் 4 சதவீதம் அளவுக்குத்தான் என்கிறது செல்பேசி நிறுவனங்களின் அமைப்பான ஜிஎஸ்எம்ஏ. மற்றவர்கள் இருக்கும் இடத்தில் சிக்னல் உண்டு, அவர்கள்தான் பயன்படுத்துவதில்லை. போன் விலை ஒரு காரணம், மொழி ஒரு காரணம். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் மகன் கையில் என்பது இன்னொன்று. அப்புறம் பயம்.

சென்னிமலையில் எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் இருக்கிறார். பெட்ஷீட் நெய்பவர். கூலியெல்லாம் யுபிஐயில் வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் 'பேங்கிலிருந்து' போன் வந்தது, கேஒய்சி முடிந்துவிட்டது என்றார்கள், ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். நூல் வாங்க வைத்திருந்த பணம் போய்விட்டது. அன்றைக்கே தன் போனில் இருந்ததை எல்லாம் அழித்தார், வீட்டம்மா போனிலும் அழித்தார். இப்போது கூலியை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார். தறிக்குப் பக்கத்துச் சுவரில் பேரன் கரித்துண்டால் 1930 என்று, இணைய மோசடிக்குப் புகார் சொல்லும் எண்ணை, பெரிதாக எழுதி வைத்திருக்கிறான். பணம் போன கையோடு கூப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பலன் அதிகம். அவன் எழுதியது அடுத்த வாரம்.

எந்தத் திட்டத்தின் புள்ளிவிவரத்திலும் அவர் 'இணைக்கப்பட்டவர்' பட்டியலில்தான் இருப்பார். ஆக, இணையத்தைக் கொடுப்பதும் காப்பதும் வேறு வேறு வேலை என்று நான் நினைப்பதில்லை. ஆனால் உதவித் திட்டங்களின் பட்ஜெட் தாள் அப்படித்தான் நினைக்கிறது. கேபிள், டவர், பயிற்சி, திறப்பு விழா எல்லாம் வந்தபின் கடைசி வரியில் பாதுகாப்பு இருக்கும். பணம் பற்றாக்குறை என்றால் முதலில் அடிபடுவதும் அந்த வரிதான்.

இதற்கு நமக்கு நொய்யலைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. பனியன் தொழில் எழுந்துகொண்டிருந்த காலத்தில் சாயக்கழிவை எங்கே விடுவது என்பதற்கு ஒழுங்கான கணக்கை யாரும் போடவில்லை. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு உயிர்ப் பிரச்சினையானது. பட்டறை போடும்போதே அதையும் சேர்த்துப் போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவையும் பிறகு ஆன செலவையும் திருப்பூர்க்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

கோஸ்டாரிகாவில் நடந்தது இதே கதைதான். 2022 ஏப்ரலில் கோன்டி என்ற ரான்சம்வேர் கும்பல், அதாவது கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கும்பல், அந்த நாட்டின் நிதியமைச்சகத்துக்குள் புகுந்தது. வரி, சுங்கம் இரண்டின் கணினிகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. மே 8 அன்று பதவியேற்ற ஜனாதிபதி ரோட்ரிகோ சாவேஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று தேசிய நெருக்கடி அறிவித்தது. ஏற்றுமதி இறக்குமதி செய்வோர் காகிதப் படிவத்துக்குத் திரும்பினார்கள். தூத்துக்குடியில் சுங்கக் கணினி சில வாரம் படுத்துக்கொண்டால் திருப்பூர் என்ன ஆகும்? சீசன் தாண்டி வந்த டிஷர்ட்டை எந்த பையர் முழு விலைக்கு எடுப்பார்? அமெரிக்கா பாதுகாப்புக்கென்று இரண்டரைக் கோடி டாலர் உதவி அறிவித்தது, அடுத்த ஆண்டு மார்ச்சில்.

சரி, உங்கள் முதல் கேள்வி. இணையப் பாதுகாப்பில் ஒரு நாடு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒரு மதிப்பீட்டு முறை வைத்திருக்கிறது. பல நாடுகளில் செய்திருக்கிறார்கள், நீங்கள் போகும் இடத்திலும் மேசையில் அந்த அறிக்கை இருக்க வாய்ப்புண்டு. அது பார்ப்பது ஐந்து விஷயங்கள்: கொள்கை, மக்களின் பழக்கவழக்கம், கல்வியும் பயிற்சியும், சட்டம், கடைசியாகத் தொழில்நுட்பம். உங்களுக்குத் தெரிந்தது அந்த ஐந்தாவது. குறைவு என்று கூச்சப்பட வேண்டாம். மற்ற நான்கையும் பேசக் கூட்டத்தில் ஆள் இருப்பார்கள், ஐந்தாவதைக் கையால் தொட்டவர்தான் இருக்க மாட்டார்.

நீங்கள் கேட்க வேண்டியது மிகச் சாதாரணமான கேள்வி. ஃபயர்வாலுக்கு வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். திட்டம் மூன்று வருடம். நான்காம் வருடம் யார் கட்டுவது, எந்தக் கணக்கிலிருந்து, டாலரிலா உள்ளூர் நாணயத்திலா? நான் போன அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்: விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருக்கும், சப்ஸ்கிரிப்ஷன் எப்போதோ முடிந்திருக்கும். புது வைரஸ் பற்றி அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. நன்கொடையாளரின் ஸ்டிக்கர் மட்டும் புதிதாக இருக்கும். டெண்டர் போகும் முன்பே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கினீர்கள் என்றால் ஆறு மாதச் சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டீர்கள் என்பேன். நம் பாரத்நெட்டையே பாருங்கள். 2011இல் ஒப்புதல் பெற்று, இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் என்று கிளம்பிய திட்டம். பத்து வருடப் பராமரிப்பையும் சேர்த்து 1.39 லட்சம் கோடி என்று மத்திய அமைச்சரவை அதற்குப் புதுக்கணக்குப் போட்டது 2023இல்.

இதே கதை ஆட்களிடமும் உண்டு. இணையத் தாக்குதல்களைச் சமாளிக்கும் அரசின் அவசரகாலக் குழுவில் நான்கு பேருக்கு நல்ல பயிற்சி கொடுப்பீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அதில் இருவர் வங்கி வேலைக்குப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் யார்? கோவையில் நீங்கள் எத்தனை கம்பெனி மாறினீர்கள்? பயிற்சியை உள்ளூர்ப் பாலிடெக்னிக் ஒன்றில் வருடாவருடம் நடக்கும் பாடமாக வைக்கச் சொல்லுங்கள். போகிறவர் போகட்டும், வருகிறவர் வந்துகொண்டிருப்பார்.

கிளம்பும் முன் திருப்பூரில் சில ஏற்றுமதி அலுவலகங்களுக்குப் போய் உட்காருங்கள். மெயில் முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, 'எங்கள் வங்கிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்தப் பேமெண்ட்டைப் புதுக் கணக்குக்கு அனுப்பவும்' என்று இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பணத்தை வாங்கிக்கொண்டு போகிற மோசடி அங்கே புதிதில்லை. விவரமானவர்கள் கண்டுபிடித்த வழிக்கு லைசென்ஸ் கிடையாது. கணக்கு எண் மெயிலில் மாறாது என்று முதல் ஆர்டரிலேயே எழுதிவிடுகிறார்கள். மாறியதாக மெயில் வந்தால், பழைய விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தி போனைக் கையில் எடுப்பதுதான் மொத்தப் பாதுகாப்பும். இந்த மாதிரி நான்கு வழிகளை உங்கள் அறிக்கையில் வையுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. உதவிப் பணத்தில் ஒரு பங்கு, பணம் கொடுத்த நாட்டு நிறுவனங்களுக்கே திரும்பிப் போகிறது. ஒரே அதிகாரி ஒரே கேள்விக்கு மூன்று நாட்டு ஆலோசகர்களிடம் பதில் சொல்கிறார். இந்த இரட்டை வேலையைக் குறைக்கத்தான் 2015இல் ஹேக் நகரில் ஜிஎஃப்சிஇ என்ற உலக மன்றத்தைத் தொடங்கினார்கள். ஓரளவு குறைந்திருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். என்னைக் கேட்டால் பணத்தைவிடப் பெரிய சங்கடம் வேறு. பாதுகாப்பு என்ற பெயரில் எதைக் கேட்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உகாண்டா 2018இல் சமூக ஊடகத்துக்கு நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி போட்டது, 2021 தேர்தலின்போது இணையத்தையே நிறுத்தியது. நாம் சிரிக்க முடியாது. இணையத்தை அதிகத் தடவை நிறுத்திய நாடுகளின் பட்டியலில் இந்தியா வருடக்கணக்காக முன்னால் நின்றது. மக்களின் செய்திகளைத் திறந்து பார்க்கும் கருவிக்கு உங்களிடம் சிபாரிசு கேட்டால், முடியாது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. இந்த உதவிக்கு நாமே ஒரு காலத்தில் 'பயனாளிகள்'. 1998 வாக்கில் கனடா அரசின் வளர்ச்சி ஆராய்ச்சி அமைப்பான ஐடிஆர்சியின் பணத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலை எவ்வளவு உயரம் என்பதுதான் வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் அது கிடைத்தது. எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கேட்பவருக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. சில வருடம் கழித்து மதுரைப் பக்கம் மேலூரில் சென்னை ஐஐடியும் ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்த திட்டத்தில் கிராமத்துக்குக் கிராமம் இணையக் கடை வந்தது. கடை நடத்தியவர்களுக்கு வருமானம் கட்டவில்லை, பழுது பார்க்க ஆள் நிற்கவில்லை, பெரும்பாலானவை மூடப்பட்டன. இரண்டையும் பற்றிய ஆய்வுகள் பொதுவில் கிடைக்கின்றன. நாம் தோற்ற கதையை அங்கே தாராளமாகச் சொல்லுங்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் ஆலோசகரிடம் அது இருக்காது.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் இருக்கிறது. கென்யாவில் உள்ளூர் நிறுவனங்கள் தங்களுக்குள் இணையப் போக்குவரத்தை மாற்றிக்கொள்ள 2000இல் ஓர் எக்ஸ்சேஞ்ச் தொடங்கினார்கள். தொலைபேசி நிறுவனம் புகார் செய்ய, சில வாரங்களில் மூடப்பட்டு 2002இல் உரிமத்தோடு திரும்ப வந்தது. 2012 வாக்கில் நாட்டின் இணையப் போக்குவரத்தில் 30 சதவீதமாக இருந்த உள்ளூர்ப் பரிமாற்றம் 2020க்குள் 70 சதவீதமாயிற்று. அதை வளர்த்த பொறியாளர்கள் பக்கத்து நாடுகளில்தான் இருப்பார்கள், தேடிப் போய்ப் பாருங்கள்.

ஆக, போங்கள். அப்பாவிடம் பர்கூருக்கு டவர் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்; திரும்பி வந்ததும் அந்த வேலைக்கும் உங்களைப் பிடித்துக்கொள்வேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், எழுதும் அறிக்கையை அந்த நாட்டு மக்கள் படிக்க வெளியிடுவார்களா என்று கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடாக இருக்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதுவும் அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள். டிக்கெட் போடும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.