பேரன் மொழிபெயர்க்கிறான், பாட்டி வலியில்லை என்கிறார்

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரி. லண்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இடுப்பெலும்பு முறிந்த 74 வயது சோமாலிய அம்மா ஒருவர் என் வார்டில் இருக்கிறார். ஆங்கிலம் தெரியாது, பதினொரு வயதுப் பேரன்தான் இடையில் நின்று பேசுகிறான். வலி உண்டா என்றால் தினமும் ‘இல்லை’தான். முகம் அப்படிச் சொல்லவில்லை. கறுத்த தோலில் படுக்கைப்புண் தொடங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முகத்தை நம்புங்கள். பேரனை அந்த வேலையிலிருந்து விடுவியுங்கள். மலம் போகவில்லை, சிறுநீர் கசிகிறது என்பதைப் பேரனிடம் சொல்ல எந்தப் பாட்டிக்கு நாக்கு எழும்? பிள்ளை பயந்துவிடுவானே என்று வலியையும் விழுங்கிவிடுவார். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி காசு தர வேண்டியதில்லை. தொலைபேசியிலும் ஏற்பாடு செய்யலாம். பெண்ணாக இருந்தால் நல்லது. தெற்குச் சோமாலியாவில் பலர் பேசும் மாய் மொழி, பொதுச் சோமாலியிலிருந்து வெகுவாக வேறுபட்டது. எது வேண்டும் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். பேசும்போது பாட்டியைப் பார்த்துப் பேசுங்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி.

1980-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞன் மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டான். குடும்பத்தார் சொன்ன ‘இன்டோக்ஸிகாடோ’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். மருத்துவர்கள் போதைமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். மூளை இரத்தக்கசிவு தாமதமாகத் தெரிந்தது, கைகால்கள் செயலிழந்தன. நம் ஊர் அம்மா ஒருவர் ‘உடம்பு சூடு’ என்றால் அது நீர்க்கடுப்பாக இருக்கலாம். மொழிபெயர்ப்பில் அது காய்ச்சலாகிவிட்டால் நீங்கள் தெர்மாமீட்டரைத் தேடுவீர்கள்.

வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். புரட்டும்போது கட்டில் கம்பியைப் பிடிக்கிறாரா, சாப்பாட்டைத் தள்ளுகிறாரா, இரவில் தூங்குகிறாரா? 2016-இல் வர்ஜீனியாவில் நடந்த ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர், கறுப்பினத்தவர் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ‘இவங்க ஊர்க்காரங்க வலி தாங்குவாங்க’ என்ற பேச்சு ஓய்வறையில் காதில் விழுந்தால் தலையாட்டிவிடாதீர்கள்.

தோல் விஷயத்தில் குழப்பம் உங்கள் தவறல்ல. பாடப்புத்தகத்துச் ‘சிவப்பு’ வெளுத்த தோலைப் பார்த்து எழுதியது. வேடிக்கை என்னவென்றால், மாநிறத்துக்காரர்களான நாமும் நம் ஊரில் அதைத்தான் மனப்பாடம் செய்தோம். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கம் ஆகிய இடங்களில் புறங்கையை வைத்துப் பாருங்கள்: சுற்றிலும் உள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கல்லாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் சுளிக்கிறாரா? நிறம் மாறினால் ஊதாவாகவோ இன்னும் கருமையாகவோ தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இரத்தசோகைக்குக் கண்ணிமையின் உட்புறம், நீலம் பாய்ந்ததா என்பதற்கு நாக்கும் உதட்டின் உட்புறமும்.

இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2020-இல் வெளியான மிச்சிகன் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் சுமார் 12 சதவீதம், வெள்ளையரில் சுமார் 4. பாட்டிக்கு 94 காட்டினாலும் மூச்சு வேகமெடுத்தாலோ, புதிதாகப் பிதற்றினாலோ, தமனி இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.