சீசன் தள்ளிப்போன வருடத்தில் கல்லூரி ஃபுட்பாலுக்கு ஆள் எடுத்தது எப்படி?

கேள்வி இதுதான்: 2020இல் கொரோனாவால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, கையில் பந்தோடு ஓடும் அமெரிக்க ஆட்டம்) சீசன் தள்ளிப்போனபோது, பள்ளி மாணவர்களை எப்படித் தேர்வு செய்தார்கள்? திறமை இருக்கிற பையனை எப்படியும் கண்டுபிடித்துவிட மாட்டார்களா?

மாட்டார்கள். அதை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். எங்கள் வீடு சிகாகோவின் மேற்குப் புறநகரில். பக்கத்து வீட்டுப் பையனும் என் மகனும் ஒரே வகுப்பு. அவன் பள்ளி அணியில் லைன்பேக்கர், அதாவது எதிரணியை முன்னேறவிடாமல் மறிக்கும் தடுப்பாட்டக்காரன். பதினோராம் வகுப்பு சீசன் தொடக்கத்திலேயே தோள் எலும்பு முறிந்து, கடைசி மூன்று ஆட்டங்களில்தான் ஆடினான். ஆறியபின் கிடுகிடுவென்று வளர்ந்து 6 அடி 2 அங்குலம் ஆகிவிட்டான். 2020இல் தன்னைக் காட்டிக்கொள்ளலாம் என்று குடும்பமே காத்திருந்தது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 13 அன்று டிவிஷன் 1 எனப்படும் முதல்நிலைக் கல்லூரிகளுக்கு, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 'டெட் பீரியட்' அறிவித்தது. கோச் எந்த மாணவனையும் நேரில் சந்திக்கக் கூடாது. மாணவன் தானாகக் கல்லூரிக்குப் போனாலும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசக் கூடாது. போன், மெசேஜ், ஜூம் மட்டும்தான். சில வாரங்களுக்கு என்று ஆரம்பித்தது, நீண்டு நீண்டு 2021 மே 31 வரை போனது. பதினான்கு மாதத்துக்கும் மேல்.

இதில் அடிபட்டது ஏப்ரல், மே, ஜூன். வசந்த காலத்தில்தான் கோச்கள் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குவார்கள். ஜூனில் கல்லூரிகளே முகாம் நடத்தும். யாருக்கும் தெரியாத பையன் காலையில் பணம் கட்டி உள்ளே போய், மாலையில் ஸ்காலர்ஷிப் ஆஃபரோடு வெளியே வருவது அங்கேதான். அந்த ஜூனில் ஒரு முகாமும் இல்லை.

நட்சத்திர வீரர்களுக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. பத்தாம் வகுப்பிலேயே அவர்கள் கையில் ஆஃபர்கள் குவிந்திருந்தன. வாஷிங்டன் டிசியில் படித்த கேலப் வில்லியம்ஸின் பள்ளி அந்த வருடம் ஆடவே இல்லை; அதற்கு முன்பே 2020 ஜூலையில் ஓக்லஹோமாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார். 2022இல் யுஎஸ்சி கல்லூரிக்கு மாறி ஆடி, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கினார். எங்கள் இல்லினாய் மாநிலத்து ஜே.ஜே. மெக்கார்த்தி, இங்கே பள்ளி ஃபுட்பால் தள்ளிப்போனதும் ஃப்ளோரிடாவில் ஐஎம்ஜி அகாடமி என்ற விளையாட்டுப் பள்ளிக்கு மாறி, அங்கே ஆடிவிட்டு மிச்சிகனுக்குப் போனார். ஜே.டி. டுய்மொலோவ் இன்னும் பொறுமைசாலி. மற்றவர்கள் சேரும் கல்லூரியோடு கையெழுத்துப் போட்டு முடித்தபின்னும் காத்திருந்து, ஜூன் 2021இல் தடை விலகியதும் கல்லூரிகளை நேரில் பார்த்து, ஜூலை 4 அன்றுதான் ஒஹாயோ ஸ்டேட் என்று அறிவித்தார். அவருக்காக இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்கக் கல்லூரிகள் இருந்தன. பக்கத்து வீட்டுப் பையனுக்காக யார் காத்திருப்பார்கள்?

2020 ஆகஸ்ட் 11 அன்று பிக் டென், பேக்-12 என்ற இரண்டு கல்லூரிக் கூட்டமைப்புகளும் சீசனைத் தள்ளிவைத்தன. எஸ்இசி, ஏசிசி, பிக் 12 என்ற வேறு மூன்று கூட்டமைப்புகள் ஆடியே தீருவோம் என்றன. ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் 16 அன்று பிக் டென் மனம் மாறியது. அக்டோபர் 23, வெள்ளிக்கிழமை இரவு, முதல் ஆட்டம் விஸ்கான்சினில். எங்கள் இல்லினாய் பல்கலைக்கழக அணி 45-7 என்று தோற்றது. பக்கத்து வீட்டு கராஜில் கதவைத் திறந்துவைத்து, தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். பையன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர்கள் ஆடுகிறார்கள், பள்ளி மைதானம் மட்டும் பூட்டிக் கிடக்கிறது. இல்லினாய் பள்ளி ஃபுட்பாலைத்தான் ஜூலையிலேயே அடுத்த வசந்தத்துக்குத் தள்ளியிருந்தார்களே.

ஆட்டம் இல்லை என்றால் கோச்சுக்கு எதை அனுப்புவது? அந்த இலையுதிர்காலம் முழுக்க நான்தான் அவனுக்குக் கேமராமேன். பூங்காவில் 40 கஜ ஓட்டம், பக்கவாட்டு நகர்வு, எல்லாம் என் போனில். ஸ்டாப்வாட்சில் எடுத்த நேரத்தைக் கோச்கள் நம்பமாட்டார்கள் என்று ஓடத் தொடங்குவதையும் முடிப்பதையும் வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுத்தோம். ஒரு கோச் உயரத்துக்கு ஆதாரம் கேட்டார். சமையலறைக் கதவு நிலையில் அளவுநாடாவை ஒட்டி, வெறுங்காலோடு நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பினோம். ஓட்டமும் உயரமும் படத்தில் வந்துவிட்டன. எதிரே பந்தோடு ஓடிவருபவனை அவன் எப்படிப் படித்து மறிக்கிறான் என்பது எப்படி வரும்? லைன்பேக்கருக்கு அதுதானே எல்லாம்.

இதையெல்லாம்விடப் பெரிய அடி வேறு. ஆகஸ்ட் 21 அன்று, அந்த சீசனில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் யாருக்கும் கல்லூரி அணியில் ஆடும் தகுதியில் ஒரு வருடம் கழியாது என்று என்சிஏஏ முடிவெடுத்தது. நியாயமான முடிவுதான், கல்லூரிப் பையன்கள் செய்த தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நான்காம் ஆண்டு முடிந்து வெளியேற வேண்டியவர்கள் இன்னொரு வருடம் இருக்கலாம் என்றானது. மேல்மட்டக் கல்லூரி அணிகள் அப்போது வருடத்துக்குப் புதிதாக 25 பேரைத்தான் ஸ்காலர்ஷிப்பில் எடுக்கலாம். அந்த 25க்குள்ளேயே வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களும் அடங்கினார்கள். 22 வயதில் கல்லூரி மைதானத்தில் நிரூபித்தவன் கிடைக்கும்போது, வீடியோவில் மட்டும் பார்த்த 17 வயதுப் பையனை எந்தக் கோச் எடுப்பார்? அவருக்கும் வேலை போகாமல் இருக்க வேண்டுமே. 2021 ஏப்ரலில், ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்காரத் தேவையில்லை என்ற விதியும் வந்தது. வாசல் இன்னும் குறுகியது.

அவனோடு வாராவாரம் வியாழக்கிழமை பேசிக்கொண்டிருந்தார் ஒரு கோச். டிவிஷன் 1இன் இரண்டாம் அடுக்குக் கல்லூரி, பெயர் வேண்டாம். நவம்பரில் போன் வந்தது: எங்கள் சீனியர்கள் தங்கிவிட்டார்கள், இந்த வருடம் லைன்பேக்கர் எடுக்கவில்லை. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பையனின் அப்பா அன்று ராத்திரி வெகுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 16 அன்று முதல் சுற்றுக் கையெழுத்து ஆரம்பித்தது. பிப்ரவரி 3 இரண்டாம் சுற்று. இல்லினாயில் பள்ளி ஃபுட்பால் ஆரம்பித்தது மார்ச்சில். அதாவது கல்லூரிகள் ஆள் எடுத்து முடித்த பிறகுதான், எடுக்கப்பட வேண்டிய பையன்கள் மைதானத்தில் இறங்கினார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

மொத்தம் ஆறு ஆட்டம், ப்ளேஆஃப் கிடையாது. குளிரில் முகக்கவசத்தோடு நின்று பார்த்தேன். நான்காவது ஆட்டத்தில் அவன் இரண்டு முறை பந்தை இடைமறித்துப் பிடித்தான். ஆட்களை எடுக்க யாரும் வரவில்லை. வரவும் விதி இடம் தரவில்லை.

கடைசியில் விஸ்கான்சினில் ஒரு டிவிஷன் 3 கல்லூரியில் சேர்ந்தான். அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தரக் கூடாது என்பது விதி. மதிப்பெண்ணுக்காகக் கொஞ்சம் குறைத்தார்கள், மீதிக்குக் கல்விக் கடன். நான்கு வருடமும் ஆடினான். கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆறு ஆட்டங்களின் வீடியோவை ஏப்ரல் கடைசியில் நானும் என் மகனும் உட்கார்ந்து வெட்டித் தொகுத்து அவனிடம் கொடுத்தோம். ஐந்து நிமிடம் ஓடும். முந்தைய நவம்பரிலேயே அந்தக் கோச்சிடம் இருந்திருக்க வேண்டிய வீடியோ அது.