வீட்டுக்குள்ளேயே வளரும் பெட்டைப் பூனைக்குக் கருத்தடை எதற்கு?

கேள்வி: எங்கள் பெட்டைப் பூனைக்கு 10 மாதம் ஆகிறது. அடுக்குமாடியில் நான்காம் தளத்தில் இருக்கிறோம். அது வாசற்படியைத் தாண்டியதே இல்லை. வேறு பூனையும் வீட்டில் இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரவெல்லாம் கத்துகிறது, தரையில் உருள்கிறது. மருத்துவர் கருத்தடை செய்துவிடலாம் என்கிறார். பூனையை விற்றவரோ, ஒருமுறையாவது குட்டி போட விட வேண்டும், அதுவரை ஊசி போட்டுச் சமாளிக்கலாம் என்கிறார். சினையாகவே வழியில்லாத பூனையை எதற்காக மயக்க மருந்துக்கும் கத்திக்கும் உட்படுத்த வேண்டும் என்று தயங்குகிறோம்.

பதில்: செய்துவிடுங்கள். அதற்கு ஒரு வயது நிரம்புவதற்குள் செய்துவிடுவது இன்னும் நல்லது.

குட்டி பிறப்பதைத் தடுப்பதற்காக மட்டுமே இந்த அறுவை சிகிச்சை என்று நீங்கள் எண்ணியிருப்பதால்தான் இந்தத் தயக்கம். பூட்டிய கதவு கடுவன் பூனையைத் தடுக்குமே தவிர, உங்கள் பூனையின் உடலுக்குள் இருக்கும் சூலகங்களை அது ஒன்றும் செய்யாது. அவற்றை எடுத்துவிடுவதுதான் இந்த அறுவை சிகிச்சை. வெளிச்சம் நீடிக்கும் காலத்தில்தான் பெட்டைப் பூனை பருவத்துக்கு வரும் என்பது இயற்கையின் ஏற்பாடு. ஆனால் நள்ளிரவு நெருங்கும்வரை விளக்கு எரியும் வீட்டுக்குள் ஆண்டு முழுவதும் நீண்ட பகல்தான் என்பதால், வெளியே திரியும் பூனையைக் காட்டிலும் வீட்டுப் பூனைக்கு ஓய்வு குறைவு. இணை சேர்ந்தால்தான் பெரும்பாலான பூனைகளுக்குச் சினைமுட்டை வெளிப்படும். அது நடக்காதபோது பருவம் ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்து அடங்கி, சில வாரங்களில் மறுபடியும் வருகிறது. நீங்கள் இரவில் கேட்கும் கத்தல் அதுதான். அது குறும்பும் அல்ல, பிடிவாதமும் அல்ல.

கடுவனே இல்லாமலும் சில பூனைகளுக்குச் சினைமுட்டை தானாக வெளிப்படுவதுண்டு. அப்போது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனால் கருப்பை, வராத குட்டிகளுக்காகத் தன்னைத் தயார்செய்துகொண்டு தடித்துப்போகிறது. அந்த நிலையில் கிருமி புகுந்தால் சீழ் கட்டிவிடும். கசிவைப் பூனை உடனுக்குடன் நக்கிச் சுத்தம் செய்துவிடுவதால், அது தீனியை விட்டுவிட்டுச் சுருண்டு படுக்கும்வரை வீட்டாருக்குத் தெரியாமலே போகலாம். அப்போதும் செய்யப்போவது இதே அறுவை சிகிச்சைதான். ஆனால் நலமான பூனைக்குச் செய்வதும், காய்ச்சலும் நஞ்சேறிய இரத்தமுமாகக் கிடக்கும் பூனைக்குச் செய்வதும் ஒன்றல்ல.

ஒரு வயதுக்குள் என்று நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் பால்மடிக் கட்டி. பூனைகளுக்கு வரும் மடிக்கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் புற்றுநோய்தான். 2005-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு இந்தப் புற்றுநோய் அபாயம் 91 சதவீதமும், ஒரு வயதுக்குள் செய்தவற்றுக்கு 86 சதவீதமும் குறைந்திருந்தது. ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் செய்தவற்றுக்கோ வெறும் 11 சதவீதம். உங்கள் பூனைக்கு 10 மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மயக்க மருந்தைப் பற்றிய அச்சம் நியாயமானது. பிரிட்டனில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, நலமாக இருந்த பூனைகளில் ஏறத்தாழ 900-க்கு ஒன்று மயக்க மருந்து தொடர்பாக இறந்தது. அந்த இறப்புகளில் பாதிக்கு மேல் அறுவை நடக்கும்போது நேரவில்லை. முடிந்த பிறகு, குறிப்பாக முதல் சில மணி நேரத்தில் நேர்ந்தன. ஆகவே மருத்துவமனையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் பற்றியதல்ல. மயக்கம் தெளியும்வரை பூனையின் பக்கத்தில் யார் இருப்பார்கள், அதன் உடல்சூட்டையும் மூச்சையும் யார் கவனிப்பார்கள் என்பதுதான். இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் பூனையை விடாதீர்கள்.

இனி, அந்த ஊசி. பருவத்தை அடக்குவதற்கென்று போடப்படும் ஊசியும் மாத்திரையும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன்கள். மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், மெஜெஸ்ட்ரால் என்ற பெயர்கள் சீட்டிலோ அட்டையிலோ இருக்கும். கத்தல் நிற்கும் என்பது உண்மை. எந்த ஹார்மோன் கருப்பையைத் தடிக்கவைத்துச் சீழுக்கு வழிசெய்கிறது என்று மேலே சொன்னேனோ, அதே வகை ஹார்மோனைத்தான் நீங்கள் காசு கொடுத்து உள்ளே செலுத்துகிறீர்கள் என்பதும் உண்மை. சில இளம்பூனைகளுக்கு ஊசி போட்ட சில வாரங்களிலேயே எல்லா மடிகளும் ஒன்றாக வீங்கிப் புண்ணாகின்றன. சிலவற்றுக்குச் சர்க்கரை நோய் வருகிறது. மடிப்புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. மருத்துவர் பூனையைக் கையால்கூடத் தொட்டுப் பார்க்காமல், மருந்துச் சீட்டும் இல்லாமல், கேட்டவருக்கெல்லாம் இதைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இன்னும் தொடர்வதை எந்த ஏற்பாடும் தடுத்தபாடில்லை. விளைவு வரும்போது மருந்தை விற்றவர் அங்கே இருப்பதில்லை. சீழ்கட்டிய பூனையோடு நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடுவது நீங்கள்தான்.

பூனையை விற்றவரின் யோசனைக்கு வருகிறேன். ஓர் ஈற்றுக்குப் பிறகு கருத்தடை செய்வதால் பூனையின் உடலுக்கோ குணத்துக்கோ எந்த நன்மையும் இல்லை. தாய்மை அடையாத பூனை ஏங்கும் என்பது மனிதர்கள் பூனையின் மேல் ஏற்றிப் பார்க்கும் எண்ணம். பிறகு ஏன் இந்த அறிவுரை? குட்டிகளைத் தானே எடுத்துக்கொள்வதாகவும், இணைசேர்க்கத் தன்னிடமே கடுவன் இருப்பதாகவும் அவர் அடுத்துச் சொல்வார். இன்னும் சொல்லவில்லை என்றால் விரைவில் சொல்வார். ஒன்பது வாரச் சினைக்காலத்தின் தீனிச் செலவு உங்களுடையது, பேறுகாலச் சிக்கல் வந்தால் அறுவைச் செலவு உங்களுடையது, பால் குடி மறந்த குட்டிகளின் விலை மட்டும் அவருடையது. போதாததற்கு, பல வீட்டுப் பெட்டைகளோடு சேரும் கடுவனிடமிருந்து இரத்தப்புற்று வைரஸும் படர்தாமரையும் உங்கள் வீட்டுக்குள் வரலாம். இத்தகையவர்களே சில சமயம், தெரிந்த ஆளை வைத்து வீட்டிலேயே குறைந்த செலவில் கருத்தடை செய்து தருவதாகவும் முன்வருவார்கள். பட்டம் பெற்ற, பதிவு செய்த கால்நடை மருத்துவரைத் தவிர வேறு எவரும் பூனையின் வயிற்றைத் திறக்க இடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் பூனையைப் பொறுத்தவரை ஒரே ஒரு சிக்கல் உண்டு: எந்த நாளில் செய்வது? பருவத்தில் இருக்கும்போது கருப்பையின் இரத்தக்குழாய்கள் தடித்திருக்கும், திசுவும் எளிதில் கிழியும். அதனால் பருவம் அடங்கிய பிறகு வாருங்கள் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். நீங்கள் சில நாள் பொறுத்து நாள் கேட்பீர்கள். அவர்கள் இரண்டு வாரம் தள்ளி நாள் கொடுப்பார்கள். அந்த நாள் வரும்போது பூனை மறுபடியும் கத்தத் தொடங்கியிருக்கும். இப்படியே மாதங்கள் ஓடிவிடும். ஆகவே கத்தல் நின்ற அன்றே தொலைபேசியில் அழைத்து, அடுத்த ஒரு வாரத்துக்குள் நாள் வாங்கிவிடுங்கள். அப்படியும் பருவம் முந்திக்கொண்டால், இதில் கைதேர்ந்த மருத்துவர் பருவத்திலேயே செய்யலாம். இரத்தக்கசிவு சற்றுக் கூடலாம் என்பதை அறிந்தே செய்வார். நேரம் சற்றுக் கூடுதலாகும், கட்டணமும் கூடலாம். அறுவைக்கு வசதியாகப் பருவத்தை ஊசி போட்டு அடக்கிக்கொண்டு வாருங்கள் என்று எவராவது சொன்னால் மட்டும் வேறு மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் தேதியோடு சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு நேரம் பட்டினி போட வேண்டும் என்பதை மருத்துவமனை சொல்வதுபோலச் செய்யுங்கள். வீடு திரும்பிய பின் 10 முதல் 14 நாள் வரை தையலை நக்காதபடி கழுத்தில் கூம்புப் பட்டை இருக்கட்டும். வலிக்கு மருத்துவர் தந்த மருந்து மட்டும் போதும். மனிதர்களுக்கான பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், அரை மாத்திரைகூட. கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், உடலின் தேவையோ குறையும். தீனியை ஏறத்தாழக் கால் பங்கு குறைத்து, மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

பூனையை அழைத்துவரும்போது, இரண்டு சூலகங்களும் எடுக்கப்பட்டன என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். கருத்தடை என்ற ஒற்றைச் சொல்லைக் கிறுக்கி அனுப்பும் வழக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஏனெனில் சூலகத்தின் ஒரு துணுக்கு உள்ளே விடுபட்டிருந்தால் சில மாதம் கழித்துப் பூனை பழையபடியே கத்தும், அப்போது என்ன எடுத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. அப்படிக் கத்தினால் பழக்கதோஷம் என்ற பதிலை ஏற்காதீர்கள். கத்தும் நாட்களிலேயே பூனையைக் கொண்டுபோய், ஹார்மோன் பரிசோதனை செய்து, விடுபட்டதை எடுக்கச் சொல்லுங்கள்.