1854 பத்திரம் நிலத்துக்கு, வீட்டுக்கு அல்ல

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வின்னஷீக் கவுண்டியில், டெக்கோரா பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் பண்ணை வீடு விலைக்கு வருகிறது. அரசு கொடுத்த 1854 நிலப் பத்திரத்தைக் காட்டி, வீட்டுக்கும் அதே வயது என்கிறார் புரோக்கர். வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இருப்பதால் ஜன்னலைக்கூட மாற்ற முடியாதாமே?

பதில்: முதலில் அந்த 1854க்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்தப் பத்திரத்தில் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அந்தக் காலத்தில் முன்னாள் சிப்பாய்களுக்கு அரசு கொடுத்த நில உரிமைச் சீட்டுகளை வியாபாரிகள் மலிவாக வாங்கி, 160 ஏக்கர் 160 ஏக்கராக வளைத்துப் போட்டார்கள், அதனால் பத்திரத்தில் பெயர் உள்ளவர் பல நேரம் அந்த மண்ணை மிதித்தே இருக்கமாட்டார். 1850 முதல் அங்கே குடியேறிய நார்வேக்காரர்களில் பலரும் முதலில் மரக்கட்டைக் குடிசையில்தான் இருந்தார்கள், கல் வீடெல்லாம் கையில் காசு சேர்ந்த பிறகு. இந்தப் பத்திர நகலைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி விற்கிற ஆட்கள் வேறு இருக்கிறார்கள். மத்திய நில நிர்வாக அலுவலகத்தின் இணையதளத்தில் அது இலவசம்!

அயோவாவில் வீட்டோடு அப்ஸ்ட்ராக்ட் என்று ஒரு கட்டு வரும். வில்லங்கச் சான்று மாதிரிதான், ஆனால் அரசின் கையிலிருந்து நிலம் போன நாள் முதல் எல்லா கிரயமும் அடமானமும் அதில் வரிசையாக இருக்கும். அதைப் புரட்டுங்கள். சில நூறு டாலருக்குக் கைமாறிய நிலத்தின் மேல் 1870களில் திடீரென்று பெரிய அடமானம் விழுந்திருந்தால், வீடு அப்போது எழுந்ததோ என்று சந்தேகப்படலாம். அப்புறம் பரணில் ஏறிக் கூரைச் சட்டத்து ஆணியைப் பாருங்கள்: பட்டையாக, நுனிக்குக் குறுகினால் பழசு, உருண்டைக் கம்பி ஆணி என்றால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தியது. கவுண்டி வரி ஏட்டில் உள்ள ஆண்டை நம்பாதீர்கள், தெரியாவிட்டால் 1900 என்று போட்டுவிடுவார்கள், அதை யாரும் திருத்தப் போவதுமில்லை.

ஜன்னல் விஷயம். 1966 சட்டப்படி வந்த தேசியப் பதிவேடு, சொந்தக் காசில் நீங்கள் செய்யும் மாற்றத்தைத் தடுக்காது. தடுப்பது உள்ளூர் விதிகள்தான். வரிச்சலுகை கிடைக்கும் என்பார்கள், நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு சீரமைப்புச் செலவில் மத்திய அரசு தரும் 20 சதவீத வரிச்சலுகை கிடையாது. வாடகைக்கு விட்டால் உண்டு, ஆனால் சீரமைப்புச் செலவு 24 மாதத்துக்குள், வரிக் கணக்கில் கட்டடத்துக்கு இருக்கும் மதிப்பைத் தாண்டவேண்டும், நிலத்தின் மதிப்பு அதில் சேராது. சலுகை கேட்டுவிட்டால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் சலுகையை அனுமதிக்கும் அதிகாரிகள் சொல்வதுதான் சட்டம்.

1978க்கு முந்தைய வீடு என்றால், ஈயப் பெயின்ட் பற்றித் தெரிந்ததை விற்பவர் எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும். 1854 என்று பெருமை பேசுகிறவர்கள் அந்தத் தாளை மட்டும் மறந்துவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.