49-0 என்றால் முதலிடமா?

கேள்வி: சென்ற இதழில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்களை வரிசைப்படுத்தியபோது முகமது அலிக்கு முதலிடம், ராக்கி மார்சியானோவுக்கு ஏழாமிடம் என்று எழுதியிருந்தீர்கள். அலி ஐந்து முறை தோற்றவர். மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றவர். தோற்றவன் எப்படித் தோற்காதவனுக்கு மேலே போவான்? அலி சென்னைக்கு வந்து போனவர் என்ற பாசமா? என் மைத்துனர் வேறு, டைசன்தான் எல்லாருக்கும் மேல் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தீர்த்துவையுங்கள்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாசத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 1980-ல் அலி சென்னைக்கு வந்தார், காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார், கூட்டம் அலைமோதியது. எல்லாம் உண்மை. ஆனால் அதே வருடம் அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அவர் வாங்கிய அடியையும் பார்த்திருக்கிறோம். வயது 38. காலில் பழைய ஓட்டம் இல்லை. பத்து ரவுண்டு முடிந்ததும், போதும் என்று பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டியே நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றதோடு சரி, அலி திரும்ப வரவில்லை.

நீங்கள் எண்ணிக் காட்டும் ஐந்து தோல்விகளில் இரண்டு இவை. சரி, எண்ணுங்கள். ஆனால் அதே கணக்கை உங்கள் ஆளுக்கும் போட வேண்டாமா? 1951-ல் மார்சியானோ ஜோ லூயிஸை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தியபோது லூயிஸுக்கு வயது 37. ஓய்வு பெற்றுப் போனவர், வருமான வரி பாக்கி கழுத்தை நெரித்ததால் திரும்பி வந்தவர். 1952-ல் பட்டத்தை ஜெர்சி ஜோ வால்காட்டிடமிருந்து பறித்தபோது வால்காட்டுக்கு 38. கடைசிப் போட்டியில் எதிரே நின்ற ஆர்ச்சி மூருக்கு வயது நாற்பதை ஒட்டி. அவர் பிறந்த வருடத்தைப் பற்றியே இரண்டு கணக்கு உண்டு. 38 வயதில் அடி வாங்கியது அலிக்குக் குறை என்றால், அந்த வயதுக்காரர்களை அடித்தது மார்சியானோவுக்கு எப்படி முழு மார்க் ஆகும்? நீங்கள் இரண்டு தராசு வைத்திருக்கிறீர்கள்.

49-0-ல் அந்தச் சைபரையும் (தோல்விக் கணக்கை) கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1950-ல் மார்சியானோ ரோலண்ட் லாஸ்டார்சாவுடன் மோதியபோது நடுவர்களே ஒத்துப்போகவில்லை. மயிரிழையில்தான் தீர்ப்பு இவர் பக்கம் விழுந்தது. மாறி விழுந்திருந்தால் 48-1. ஆள் அதே ஆள், குத்து அதே குத்து. நீங்கள் மட்டும் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

டென்மார்க்கில் பிரையன் நீல்சன் என்று ஒரு ஹெவிவெயிட் இருந்தார். அவரும் 49-0 வரை வந்தார். ஐம்பதாவதில், 1999-ல், டிக்கி ரையன் என்பவரிடம் தோற்றார். நீல்சனை எந்தப் பட்டியலிலாவது பார்த்திருக்கிறீர்களா? யாரோடு மோதி அந்த எண் வந்தது என்பதுதான் கேள்வி. ஹோம்ஸ் 48-0 வரை வந்து, 1985-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் பாயிண்ட்டில் தோற்றார். அந்த ஒரு இரவுக்காக அவரை மார்சியானோவுக்குக் கீழே தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதனால் மார்சியானோவைச் சாதாரண ஆள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுமார் 84 கிலோ. இன்றைக்கு என்றால் ஹெவிவெயிட்டிலேயே சேர்க்க மாட்டார்கள், ஒரு படி கீழே க்ரூசர்வெயிட்டில் நிறுத்திவிடுவார்கள். கை நீளமும் குறைவு. அதை வைத்துக்கொண்டு 43 பேரை நாக் அவுட் செய்தார். வால்காட்டுடன் முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்து, பன்னிரண்டு ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கி, பதின்மூன்றாவதில் ஒரே வலதுகைக் குத்தில் ஆட்டத்தை முடித்தார். எஸ்ஸார்ட் சார்ல்ஸுடனான இரண்டாவது போட்டியில் மூக்கு பிளந்து ரத்தம் நிற்காமல் கொட்டியது. எந்த நேரமும் போட்டியை நிறுத்திவிடலாம் என்ற நிலையில் எட்டாவது ரவுண்டில் சார்ல்ஸைச் சாய்த்தார். தன் காலத்தில் கிடைத்த எல்லாரையும் அடித்தார். கிடைத்தவர்கள் வயதானவர்களாக இருந்தது அவர் குற்றமில்லை. ஆனாலும் வரிசை போடும்போது அதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

அலிக்கு வாய்த்தவர்களைப் பாருங்கள். 1964-ல் சன்னி லிஸ்டன்; அலி ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட அன்று ஆளில்லை. பிறகு வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 25 வயதில் பட்டமும் உரிமமும் பறிபோய், மூன்றரை வருடம் வெளியே. ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு அதைவிட நல்ல வயது கிடையாது. திரும்பி வந்து 1971-ல் ஜோ ஃபிரேசரிடம் தோற்றார். 1973-ல் கென் நார்ட்டனிடம் தாடை உடைந்து தோற்றார். இருவரையும் திரும்ப வரவழைத்து இரண்டிரண்டு முறை ஜெயித்தார். (நார்ட்டனுடனான மூன்றாவது போட்டியில் கிடைத்த வெற்றி எனக்கும் சந்தேகம்தான். அன்று நார்ட்டனுக்குக் கொடுத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.) 1978-ல் லியான் ஸ்பிங்க்ஸிடம் தோற்று, அதே வருடம் அவரையும் வென்றார்.

நடுவே 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. எதிரே ஜார்ஜ் ஃபோர்மன், 40-0, வயது 25. உங்கள் அளவுகோல்படி அன்றைக்கு அவர்தான் உலகத்திலேயே பெரிய ஆள். ஃபிரேசரையும் நார்ட்டனையும் ஆளுக்கு இரண்டே ரவுண்டில் சுருட்டியவர். அலிக்கு 32. கயிற்றில் சாய்ந்து நின்று, ஃபோர்மன் கை சோரும்வரை அடிக்கவிட்டு, எட்டாவதில் வீழ்த்தினார். மார்சியானோவின் 49-ல் இப்படி ஒன்றைக் காட்டுங்கள், பட்டியலை மாற்றி எழுதுகிறேன்.

இரண்டாமிடம் ஜோ லூயிஸுக்கு: தொடர்ந்து 25 முறை பட்டத்தைக் காத்தவர், 1936-ல் தன்னை வீழ்த்திய மாக்ஸ் ஷ்மெலிங்கை 1938-ல் 124 வினாடியில் முடித்தவர். அந்த 25-ல் சப்பை ஆட்களும் பலர் என்பதால்தான் முதலிடம் இல்லை. பிறகு ஹோம்ஸ், ஃபோர்மன், லெனாக்ஸ் லூயிஸ், ஜாக் ஜான்சன். உக்ரைன் வீரர் உசிக் இன்னும் ரிங்கில் இருக்கிறார், முடிக்கட்டும், பார்க்கலாம்.

மைத்துனருக்கு: டைசன் தன்னைத் தோற்கடித்த ஒருவரைத் திரும்ப வரவழைத்து வென்ற ஒரே ஒரு போட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். பஸ்டர் டக்ளஸுடன் மறுபடி மோதவே இல்லை. ஹோலிஃபீல்டுடன் 1997-ல் மறுபடி மோதினார், காதைக் கடித்துத் தகுதி இழந்தார். அவருக்குப் பத்தாமிடம் கொடுத்திருக்கிறேன். அதுவும் 1986-லிருந்து 1988 வரை எதிரே நின்றவர்களையெல்லாம் நடுங்கவைத்தாரே, அந்த மூன்று வருடத்துக்காக.